வந்தது ஒரு கடை, போனது ரெண்டு கடை: ஓரியண்டல் ஊரும் கிராமத்து வேலைக் கணக்கும்

நார்த் கரோலினாவுல நியூஸ் ஆத்தோரமா ஓரியண்டல்னு ஒரு சின்ன ஊர், 2010 சென்சஸ்ல மொத்தமே 900 பேர் தான், பாய்மரப் படகுக்காரங்க வந்து தங்கிப் போற இடம். அங்க டவுன் அண்ட் கன்ட்ரினு ஒரு மளிகைக்கடை 44 வருஷமா ஓடிட்டு இருந்துச்சு. 2014ல வால்மார்ட் அந்த ஊருக்குள்ள ஒரு சின்ன சைஸ் கடை போட்டாங்க, பேரு வால்மார்ட் எக்ஸ்பிரஸ். அடுத்த வருஷம் அக்டோபர்ல டவுன் அண்ட் கன்ட்ரி கதவைச் சாத்திட்டாங்க, ஒரே ஊர்ல ரெண்டு மளிகைக்கு வியாபாரம் இல்ல, சரி, போட்டினா அப்படித்தான்னு விட்டுடலாம். ஆனா மூணே மாசத்துல, 2016 ஜனவரி 15ம் தேதி, வால்மார்ட் ஒரு அறிவிப்பு விடுறாங்க: உலகம் பூரா 269 கடைய மூடுறோம், அதுல 154 அமெரிக்காவுல, எக்ஸ்பிரஸ்னு போட்ட 102 கடையும் ஒண்ணு விடாம காலி. ஓரியண்டலும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. ஊருக்குள்ள மளிகையும் இல்ல மருந்துக்கடையும் இல்லங்கற நிலைமை, எல்லாம் ரெண்டு வருஷத்துக்குள்ள நடந்து முடிஞ்சிருச்சு.

பெரிய செயின் கடை வந்தா வேலை கூடுமா குறையுமானு யாராவது சண்டை போடும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர் தான் ஞாபகம் வரும், ஏன்னா அந்தச் சண்டையில ரெண்டு பக்கமும் கடை வந்த அன்னைக்கு நடக்கறதத்தான் எண்ணுறாங்க, அது கிளம்புற அன்னைக்கு ஊர்ல என்ன மிச்சம் இருக்கும்னு யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

முதல்ல இவங்க ஏன் கிராமத்துக்கு வந்தாங்கன்னு பாக்கணும், ஏன்னா பெரிய கம்பெனினா சிட்டியிலதான் ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, வால்மார்ட் விஷயத்துல அது தலைகீழ். 1962ல ஆர்கன்சாஸ் மாநிலத்துல ராஜர்ஸ்ங்கற ஊர்ல சாம் வால்டன் முதல் கடைய திறந்தார். அதே வருஷம் தான் கேமார்ட்டும் டார்கெட்டும் ஆரம்பிச்சுது, ஆனா அவங்க ரெண்டு பேரும் டெட்ராய்ட், மினியாபொலிஸ் மாதிரி பெரிய சிட்டிய ஒட்டி போட்டாங்க. வால்டன் மத்தவங்க எட்டிக்கூட பாக்காத சின்ன ஊரா பாத்துப் போட்டார். அவரே சின்ன ஊர் கடைக்காரர் தான், 1945ல நியூபோர்ட்ங்கற ஊர்ல பென் ஃபிராங்க்ளின்ங்கற செயினோட கடை ஒண்ணை எடுத்து நடத்தி, நல்லா ஓடிட்டு இருக்கும்போது கட்டட ஓனர் லீஸ நீட்டிக்க மாட்டேன்னு சொல்லிட்டதால அந்த ஊரை விட்டே கிளம்ப வேண்டியதாப் போச்சு, அப்புறம் தான் பென்டன்வில்லுக்கு வந்தார், இப்ப வால்மார்ட் ஹெட் ஆபீஸ் இருக்கற ஊர். கட்டடம் யார் கையில இருக்கோ அவன் தான் ராஜானு அப்பவே கத்துக்கிட்டிருப்பார்னு எனக்குத் தோணும், அது என் யூகம் தான்.

இதுல முக்கியமான விஷயம் லாரி. 1970ல பென்டன்வில்லுல சொந்தமா ஒரு டிஸ்ட்ரிபியூஷன் சென்டர் போட்டாங்க, அதுக்கப்புறம் கடை எல்லாம் அந்த மாதிரி குடோன்ல இருந்து லாரி போய்ட்டு வர்ற தூரத்துக்குள்ள தான், தண்ணியில எண்ணெய் பரவற மாதிரி நடுவுல இருந்து வெளிய வெளியனு பரவுச்சு, தாவிப்போய் தூரமா ஒரு கடை போடறது கிடையாது. நடுவுல ஹோல்சேல்காரன்னு ஒருத்தனே இல்லாம கம்பெனியில இருந்து நேரா சரக்கு எடுக்கறதால விலையை இறக்க முடிஞ்சுது. உள்ளூர் கடைக்காரர் சோம்பேறியா இருந்ததால மட்டும் தோக்கல, அவர் வாங்கற விலையே இவங்க விக்கற விலைக்குப் பக்கத்துல இருந்துச்சு, அதுக்கு மேல என்ன பண்றது. ஒரே சரக்க பெரிய கடைக்கு ஒரு விலை சின்ன கடைக்கு ஒரு விலைனு குடுத்து போட்டியை நசுக்கக்கூடாதுன்னு அமெரிக்காவுல 1936லயே ராபின்சன் பேட்மேன் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, அப்ப பயம் ஏ அண்ட் பிங்கற மளிகை செயின் மேல. 1980கள்ல இருந்து அரசாங்கம் அந்தச் சட்டத்த கிட்டத்தட்ட தூக்கி பரண்ல போட்டுடுச்சு, வால்மார்ட் கிடுகிடுன்னு வளந்ததும் அந்தக் காலத்துல தான்.

இப்ப ஐயோவா. இந்த மாநிலத்துல ஐயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டி எகனாமிஸ்ட் கென்னத் ஸ்டோன் விற்பனை வரி ரெக்கார்டை வெச்சு வருஷக்கணக்கா ஊர் ஊரா எண்ணிப் பாத்தார். வால்மார்ட் வந்த ஊர்ல மொத்த விற்பனை ஏறுச்சு, அத ஒத்துக்கணும், ஏன்னா சுத்துப்பட்டு ஜனம் எல்லாம் அங்க வர ஆரம்பிச்சாங்க, அவங்க வந்த கையோட ஹோட்டல்ல சாப்பிட்டாங்க, பர்னிச்சர் கடைக்குப் போனாங்க, அந்தக் கடைங்களுக்கு நல்ல காலம். ஆனா வால்மார்ட் விக்கற சாமானையே விக்கற ஹார்ட்வேர் கடை, துணிக்கடை, மளிகை எல்லாம் அடி வாங்குச்சு. இதுவரைக்கும் எல்லாரும் எதிர்பாத்தது தான். யாரும் சரியா கவனிக்காதது பக்கத்து ஊர். வால்மார்ட் வராத, இருபது மைல் தள்ளி இருக்கற ஊருக்கு ஒரு வேலையும் வரல, ஒரு டாலர் வரியும் வரல, ஆனா அந்த ஊர் ஜனம் மட்டும் சனிக்கிழமை காரை எடுத்துட்டு வால்மார்ட் ஊருக்குப் போயிட்டாங்க. கடைய கூட்டிட்டு வரணும்னு ஓட்டுப் போட்ட கவுன்சில் ஒரு ஊர்ல, அடி விழுந்தது இன்னொரு ஊர்ல. ஒவ்வொரு ஊரும் "நாம வேண்டாம்னா பக்கத்து ஊர்ல போட்டுடுவாங்க, அப்ப நமக்கு ரெண்டும் போச்சு"னு பயந்தே ரோடு போட்டுக்குடுத்து, வரிச்சலுகை குடுத்துக் கூப்பிட்டதுக்குக் காரணமும் இது தான், அந்தப் பயம் நியாயமான பயம்.

1983ல இருந்து 1993 வரைக்கும் பத்து வருஷத்துல ஐயோவாவுல 555 மளிகைக்கடை, 298 ஹார்ட்வேர் கடை, 116 மருந்துக்கடை குறைஞ்சுதுன்னு அவர் கணக்கு. இந்த நம்பரை எடுத்து "வால்மார்ட் 555 கடைய கொன்னுச்சு"னு எழுதறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல் தான் வரும், ஏன்னா அதே 80கள்ல ஐயோவா விவசாயமே படுத்துடுச்சு, கடன் கட்ட முடியாம பண்ணைய வித்துட்டு குடும்பம் குடும்பமா ஊரை விட்டுப் போனாங்க, வாங்க ஆளே இல்லாத ஊர்ல கடை எப்படி நிக்கும். ரெண்டும் சேந்து அடிச்சுது, அதைப் பிரிச்சுப் பாக்கறது தான் கஷ்டம்.

அந்தப் பிரிக்கற வேலையத்தான் பின்னாடி வந்த ரெண்டு ஆராய்ச்சி பண்ணுச்சு, ரெண்டும் எதிரும் புதிருமா முடிஞ்சுது, அது ஏன்னு புரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்ச மாதிரி. 2005ல எமெக் பாஸ்கர்ங்கறவங்க சொன்னது, ஒரு வால்மார்ட் வந்த வருஷம் அந்த கவுன்ட்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) ரீடெயில் வேலை ஒரு 100 கூடுது, அடுத்த அஞ்சு வருஷத்துல மத்த கடைங்க சுருங்கி மூடுறதால அதுல பாதி கரைஞ்சு 50 நிக்குது, அது போக ஹோல்சேல் பக்கம் ஒரு 20 வேலை போகுது. 2008ல டேவிட் நியூமார்க் கூட ரெண்டு பேர் சேந்து சொன்னது, அப்படி இல்ல, கவுன்ட்டி ரீடெயில் வேலை கிட்டத்தட்ட 150 குறையுது, வால்மார்ட்ல ஒருத்தர் வேலைக்குச் சேந்தா வெளிய 1.4 பேர் வேலை போகுது.

ஒரே கடை, ஒரே நாடு, ஒருத்தர் கூட்டல் போடறார் ஒருத்தர் கழித்தல் போடறார். பிரச்சினை எங்கன்னா வால்மார்ட் கண்ணை மூடிட்டு மேப்ல குண்டூசி குத்தறதில்ல, வளரப் போற ஊரா பாத்துத்தான் வருவாங்க, அப்ப வேலை கூடினா அது கடையால கூடுச்சா இல்ல ஊர் எப்படியும் வளந்திருக்குமானு எப்படிச் சொல்றது? நியூமார்க் குழு இதுக்கு ஒரு வழி பிடிச்சாங்க, கடை பென்டன்வில்ல இருந்து வெளிய பரவுச்சுன்னு சொன்னேன்ல, அந்தத் தூரத்தையும் வருஷத்தையும் வெச்சு எந்த ஊருக்கு எப்ப முறை வந்திருக்கும்னு கணிச்சு, ஊர் நல்லா இருந்ததால வந்துச்சுங்கற பங்கைக் கழிச்சுட்டாங்க. பாஸ்கர் வேற வழியில, கம்பெனி கடைக்கு முன்கூட்டியே குடுத்து வெச்ச நம்பர்ல இருந்து திட்டமிட்ட தேதியைக் கணிச்சுப் பண்ணாங்க. எனக்கு நியூமார்க் வழி கொஞ்சம் கூட நம்பிக்கையா படுது, ஆனா அதுலயும் பென்டன்வில் பக்கத்து ஊருங்க மத்த விதத்துலயும் வித்தியாசமா இருந்திருக்கலாமேன்னு கேட்டா அதுக்கு லேசான பதில் இல்ல. கவனிச்சா ஒண்ணு தெரியும், கூட்டல் போட்டவங்க கணக்குலயே முதல் வருஷ நூறு அஞ்சு வருஷத்துல அம்பதா ஆகுது. ரிப்பன் வெட்டற அன்னைக்கு மேயர் சொல்ற "இத்தனை பேருக்கு வேலை"ங்கற நம்பர் அந்தக் கடைக்குள்ள சட்டை மாட்டி நிக்கறவங்க எண்ணிக்கை, ரெண்டு தெரு தள்ளி மூடப் போற கடையில இருக்கறவங்களை அதுல இருந்து யாரும் கழிக்கறதில்ல.

சரி, வேலை எண்ணிக்கைய விடுங்க, உள்ளூர் கடை மூடினா அது கூட என்னென்ன மூடுதுன்னு பாக்கலாம். ஒரு சொந்த மளிகைக்கடைக்கு கணக்கெழுத உள்ளூர் ஆடிட்டர், கடன் வாங்க உள்ளூர் பேங்க், இன்சூரன்ஸ் ஏஜென்ட், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ண ஒரு மெக்கானிக், வாரா வாரம் தள்ளுபடி விளம்பரம் போட லோக்கல் பேப்பர், இவ்வளவு பேரும் அந்த ஒரு கல்லாவ நம்பி ஓரளவு ஓடறாங்க. செயின் கடைக்கு கணக்கு ஹெட் ஆபீஸ்ல, பணம் தினமும் அங்க போயிடும், ரிப்பேருக்கு கம்பெனி கான்ட்ராக்ட், லோக்கல் பேப்பர் விளம்பரம் வால்மார்ட்டுக்கு பெருசா தேவைப்படறதே இல்ல. இதெல்லாம் "ரீடெயில் வேலை"ங்கற கட்டத்துக்குள்ள வராது, அதனால மேல சொன்ன அந்த 150லயும் வராது.

இன்னொண்ணு ஹோல்சேல் லாரி. ஹோல்சேல்காரங்க வாரத்துக்கு குறைஞ்சது இவ்வளவு ஆர்டர் எடுத்தாத்தான் வண்டி அனுப்புவோம்னு ஒரு அளவு வெச்சிருப்பாங்க, சின்ன ஊர் கடைக்காரங்களுக்கு ரொம்ப நாளா பெரிய தலைவலி இது தான். ஒரே ரூட்ல நாலு ஊர்ல நாலு கடை இருந்தா வண்டிச் செலவு நாலா பிரியும், ஒரு கடை மூடினா மூணா பிரியும், ரெண்டாவதும் மூடினா மிச்ச ரெண்டு கடைக்கு சரக்கு விலை ஏறும், வால்மார்ட்டே பாக்காத ஊர்ல இருக்கற கடைக்கும் இப்படித்தான் கழுத்துல கத்தி வரும். மளிகையில நிகர லாபம் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு டாலர் நிக்கறதே பெரிசு, வியாபாரத்துல கால்வாசி போனாலே போதும், ஃப்ரீசருக்கு கட்டற கரண்ட் பில் மட்டும் அப்படியே இருக்கும்.

மறுபக்கமும் சொல்லியே ஆகணும். விலை நெஜமாவே குறைஞ்சுது, குறைஞ்ச சம்பளத்துல இருக்கற குடும்பத்துக்கு டயப்பர், டிடர்ஜென்ட், பால்ல மிச்சமாகற பணம் சின்ன விஷயம் இல்ல. ஊர்ல ஒரே கடை இருந்தப்ப சாயங்காலம் ஆறு மணிக்கு பூட்டிட்டுப் போய், பழைய ரொட்டிய வெச்சுக்கிட்டு, இஷ்டத்துக்கு விலை போட்ட முதலாளிங்களும் உண்டு, அவங்க குடுத்த சம்பளமும் ஒண்ணும் பெருசா இல்ல. பல கடைங்க முதலாளிக்கு வயசாகி, எடுத்து நடத்த புள்ளைங்க இல்லாம எப்படியும் ஒரு நாள் மூட இருந்தது தான். "பழைய மெயின் ஸ்ட்ரீட் (ஊர்க் கடைத்தெரு) சொர்க்கம்"னு எழுதறது எனக்கு ஒத்துக்காது. 2015ல வால்மார்ட் தன்னோட அடிமட்டச் சம்பளத்த மணிக்கு 9 டாலர்னு ஏத்துனப்ப, நாட்டோட குறைந்தபட்சக் கூலி 7.25லயே நின்னுட்டு இருந்துச்சு, 2009ல இருந்து அது அசையல. ஆனா சம்பளம் மணிக்கு எவ்வளவுங்கறதோட வாரத்துக்கு எத்தனை மணி நேரம் குடுப்பாங்கங்கறதும் சேத்துப் பாக்கணும், ஊர்ல வேலை குடுக்கற ஒரே பெரிய ஆள் அவங்க தான்னு ஆயிட்டா ஷிஃப்ட் குறைச்சாலும் கோவிச்சுட்டுப் போக வேற இடம் இருக்காது.

போறப்ப என்ன ஆகும்ங்கறதுக்கு ஓரியண்டல விட பெரிய உதாரணம் வெஸ்ட் வர்ஜீனியாவுல மெக்டவல் கவுன்ட்டி. நிலக்கரி ஊரு. 1950ல 98,887 பேர், 2010ல 22,113 பேர், அதாவது கிட்டத்தட்ட அஞ்சுல நாலு பங்கு ஜனம் சுரங்கம் மூட மூட கிளம்பிட்டாங்க. அங்க கிம்பால்ங்கற இடத்துல 2005ல ஒரு சூப்பர்சென்டர், அதாவது மளிகையும் மத்த சாமானும் சேந்த பெரிய வால்மார்ட் கடை, வந்துச்சு, சுரங்கம் போன ஊர்ல அது வெறும் கடையா இருக்கல, வேலையும் அங்க, ஆளுங்களைப் பாக்கறதும் அங்க. 2016ல அந்த 269 லிஸ்ட்ல இதுவும் போச்சு, 140 பேருக்கு வேலை இல்ல, உள்ளூர் இலவச உணவு மையத்துக்கு வால்மார்ட் குடுத்துட்டு இருந்த சாப்பாட்டுச் சாமானும் நின்னுடுச்சு. பாருங்க, இங்க வால்மார்ட் ஊரை அழிக்கல, ஊர் ஏற்கனவே சரிஞ்சுட்டு இருந்துச்சு, ஆனா மிச்சம் இருந்த எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்ததால அந்தக் கூரை போன அன்னைக்கு எல்லாமே ஒரே நாள்ல போச்சு. தனித்தனியா பத்துக் கடை இருந்திருந்தா ஒண்ணு இந்த வருஷம் ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுன்னு மூடியிருக்கும், நடுவுல யாராவது எடுத்து நடத்தியிருப்பாங்க. அதோட முடிவு எடுத்தவங்க பென்டன்வில்ல 269 வரி இருக்கற ஒரு பட்டியலப் பாத்து எடுத்தாங்க, கிம்பாலோ ஓரியண்டலோ அதுல ஒரு வரி.

காலிக் கட்டடம் தனிக்கதை. அவ்வளவு பெரிய டப்பாவ வேற என்னத்துக்கு யூஸ் பண்றது, சர்ச்சு, ஜிம்மு, குடோன்னு ஏதாவது வரும், இல்லனா சும்மா கிடக்கும். பல இடத்துல விக்கறப்ப பத்திரத்துலயே "இங்க போட்டி மளிகைக்கடை வரக்கூடாது"ன்னு எழுதிடுவாங்க. அதுக்கும் மேல, நல்லா ஓடிட்டு இருக்கற பெரிய கடைங்க கூட "எங்க கட்டடத்த காலியா கிடக்கற கட்டடம் விலை போற மாதிரி மதிப்பு போட்டு சொத்துவரி குறைங்க"ன்னு கேஸ் போடறாங்க, டார்க் ஸ்டோர் வாதம்னு பேரு, மிச்சிகன், விஸ்கான்சின் பக்கம் பல ஊருங்க இதுல தோத்து வரிய திருப்பிக் குடுத்திருக்கு. இதைப் படிச்சப்ப எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு, விக்க முடியாதபடி பத்திரம் எழுதறதும் இவங்க, விக்க முடியலனு விலை குறைங்கறதும் இவங்க.

இப்ப கிராமத்துல பேச்சே வால்மார்ட் பத்தி இல்ல, டாலர் ஜெனரல் பத்தி. 1939ல கென்டக்கியில ஸ்காட்ஸ்வில்ங்கற ஊர்ல ஆரம்பிச்ச குடும்ப வியாபாரம், 2024ல 20,000 கடையத் தாண்டிடுச்சு, அதுல சுமார் அஞ்சுல நாலு பங்கு 20,000 பேருக்குக் கீழ இருக்கற ஊருங்கள்ல. சூப்பர்சென்டருக்கு பல ஊர் ஜனம் வேணும், இதுக்கு ஆயிரம் ரெண்டாயிரம் பேர் போதும், அதனால வால்மார்ட் கணக்குக்கு ஒத்து வராத ஊருக்குள்ள எல்லாம் இது நுழையுது. பெரும்பாலும் காய்கறி, கறி எல்லாம் இருக்காது, கெடாத சாமான், க்ளீனிங் பொருள், ஸ்நாக்ஸ். அதனால மளிகைக்காரருக்கு ஆபத்தில்லனு நினைப்போம், ஆனா மளிகைக்காரருக்கு லாபம் நிக்கறதே அந்தக் கெடாத சாமான்ல தான், அந்தக் காசுல தான் அழுகிப் போற கீரைக்கும் கறிக்கும் ஆகற நஷ்டத்தை ஈடுகட்டுவார். அந்தப் பக்கத்த மட்டும் கத்தரிச்சு எடுத்துட்டா மிச்சம் இருக்கறது நஷ்டம் மட்டும் தான். அமெரிக்க விவசாயத்துறை ஆராய்ச்சியாளர்கள் 2000ல இருந்து 2019 வரைக்கும் பாத்ததுல, கிராமப்பகுதியில டாலர் ஜெனரல் மாதிரி ஒரு டாலர் ஸ்டோர் வந்தா அங்க இருக்கற சொந்த மளிகைக்கடையோட விற்பனை 9.2 சதவீதம், வேலையாட்கள் 7.1 சதவீதம் குறையுது, கடை மூடற வாய்ப்பு 5 சதவீதம் கூடுது, நகரத்த விட இதெல்லாம் நல்லாவே அதிகம். உள்ளூர் பொருளாதாரம் பத்தி வேலை செய்யற இன்ஸ்டிட்யூட் ஃபார் லோக்கல் செல்ஃப் ரிலையன்ஸ் 2018ல போட்ட கணக்குப்படி ஒரு டாலர் ஸ்டோர்ல சராசரியா 9 பேர் வேலை, சின்ன சொந்த மளிகையில 14 பேர்.

வால்மார்ட் விட்டுட்டுப் போன அந்த எக்ஸ்பிரஸ் கடைகள்ல 41ஐ, அதே 2016ல, 11 மாநிலத்துல, டாலர் ஜெனரல் வாங்கிடுச்சு.

வேற மாதிரி போன ஒரு ஊரும் இருக்கு, நியூயார்க் மாநில மலைப்பக்கம் சரனாக் லேக். 2002ல அங்க இருந்த ஏம்ஸ்ங்கற செயின் கடை கம்பெனியோட சேந்து திவாலாகி மூடிடுச்சு, உள்ளாடை, பெட்ஷீட் வாங்கறதுக்கே 50 மைல் தள்ளி பிளாட்ஸ்பர்க் போகணும்னு ஆச்சு. வால்மார்ட் ஒரு சூப்பர்சென்டர் போடறோம்னு வந்தாங்க, ஊர் ரெண்டா பிரிஞ்சு சண்டை போட்டு கடைசியில அது வரல. அப்புறம் ஊர்க்காரங்களே ஷேர் ஒண்ணு 100 டாலர்னு வித்து வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா 5,00,000 டாலர் சேத்து 2011 அக்டோபர்ல சொந்தமா ஒரு கடை திறந்தாங்க. ஏம்ஸ் மூடி ஒன்பது வருஷம் ஆயிருந்துச்சு, அந்த ஒன்பது வருஷமும் அவங்க காரை எடுத்துட்டு பிளாட்ஸ்பர்க் தான் போய்ட்டு இருந்தாங்க, அங்க வால்மார்ட்ல தான் நிறைய பேர் வாங்கியிருப்பாங்க. மளிகையும் அந்தக் கடையில கிடையாது, துணி, போர்வை, கைவேலைச் சாமான் மாதிரி தான். ஆனா அதை எப்ப மூடணும்னு முடிவு பண்ற ஷேர்ஹோல்டர்ஸ் கூட்டம் ஊருக்குள்ளயே நடக்கும், மூடணும்னு கை தூக்கறவங்க அடுத்த நாள் சாக்ஸ் வாங்க எங்க போறதுன்னு யோசிச்சுட்டுத்தான் தூக்குவாங்க.